புதிதாக என்ன மாத்திரை?

முடக்குவாதத்துக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்தில் பல வீடுகள் மகிழ்ச்சியில் இருக்கும். வலி போய்விட்டது, பசி எடுக்கிறது, படுத்தே கிடந்தவர் எழுந்து நடமாடி வாய் ஓயாமல் பேசுகிறார். இரவு மூன்று மணிக்கு அவர் அலமாரியைக் கலைத்து அடுக்குவதையும், விடிவதற்குள் நாலு பேருக்குப் போன் போடுவதையும் யாரும் நோயாக எண்ணுவதில்லை. பலருக்கு இது அத்தோடு தணிந்துவிடும். சிலருக்குத் தணியாது. தூக்கம் முற்றிலும் போய், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்து, காதில் குரல்கள் கேட்கத் தொடங்கும். அப்போது குடும்பம் காரணம் தேடும். கடன் கவலை, பரம்பரை, செய்வினை, கெட்ட நேரம் எல்லாம் பேச்சில் வரும். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

உடல் நோய்க்குத் தரும் மருந்து மனதைக் குலைக்கக்கூடும் என்பதை மருத்துவ இதழ்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகின்றன. எழுதியது நோயாளியின் காதுக்கு வந்து சேரவில்லை. இந்தத் துறையைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது இதுதான்: மருந்து தரும் நாளிலேயே இரண்டு வாக்கியத்தில் எச்சரித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துயரம் ஏராளம். அதே நேரம், மனம் கலங்கிய ஒவ்வொருவர் விஷயத்திலும் கைக்குக் கிடைத்த மாத்திரையைக் குற்றவாளி ஆக்குவதும் ஆளைக் கொல்லும். இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஸ்டீராய்டுகளில் தொடங்குவது நியாயம். இந்த வகைச் சான்று இவ்வளவு தெளிவாக உள்ள மருந்துகள் குறைவு. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து பரவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதைச் சாப்பிட்டு மனம் பிறழ்ந்தவர்களைப் பற்றிய அறிக்கைகளும் வரத் தொடங்கின. 1956இல் நிக்கோலஸ் ரே இயக்கிய 'பிகர் தேன் லைஃப்' என்ற ஹாலிவுட் படத்தின் கதையே அதுதான். கார்டிசோன் சாப்பிடும் ஒரு பள்ளி ஆசிரியர் தன்னை மாமனிதராக எண்ணத் தொடங்கி, பெற்ற மகனையே பலியிடத் துணிகிறார். உண்மையில் நடந்த ஒரு நோயாளியின் கதையைப் பற்றி 'நியூ யார்க்கர்' இதழில் வந்த கட்டுரைதான் அந்தப் படத்துக்கு மூலம்.

அளவுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பை 1972இல் பாஸ்டன் ஆய்வுக் குழு கணக்கிட்டுக் காட்டியது. மருத்துவமனையில் ப்ரெட்னிசோன் பெற்ற 718 பேரைக் கவனித்ததில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வந்தது. 41 முதல் 80 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் அது 4.6 விழுக்காடு. 80ஐத் தாண்டியவர்களில் 18.4 விழுக்காடு. ஐந்தில் ஒருவருக்கு நெருங்கி வரும் ஒரு விளைவை அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது.

பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் இது தலைகாட்டிவிடும். குறுகிய காலம் அதிக அளவில் சாப்பிடுபவர்களிடம் மிகைக் களிப்பும் படபடப்பும் அதிகம். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம் சோர்வு அதிகம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. முன்பு ஒருமுறை ஸ்டீராய்டு ஒத்துக்கொண்டது என்பதால் இம்முறையும் ஒத்துக்கொள்ளும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆறுதல் என்னவென்றால், அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். படிப்படியாக என்பது இங்கே முக்கியமான சொல். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி சொந்தமாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். பயந்துபோய் ஒரே நாளில் மாத்திரையைத் தூக்கி எறிந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். திடீரென நிறுத்துவதே சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வைக் கொண்டுவரும்.

இதில் மிகக் கடினமான முடிச்சு லூபஸ் என்ற நோயில் விழுகிறது. பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்கும் இந்த நோய், தானே மூளையைத் தாக்கி மனப்பிறழ்வை உண்டாக்கக்கூடியது. அதற்கான மருந்தும் ஸ்டீராய்டுதான். ஆக, லூபஸ் உள்ள பெண் ஒருத்தி திடீரென உளறத் தொடங்கினால் மருத்துவர் முன்னால் நேரெதிரான இரண்டு வழிகள் நிற்கின்றன. நோய்தான் காரணம் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். ஸ்டீராய்டுதான் காரணம் என்றால் குறைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முதுகுத்தண்டு நீர் என எல்லாம் பார்த்தும் சில நேரம் தெளிவு கிடைக்காது. அப்போது உதவுவது நாட்குறிப்புதான்: எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம், எந்த இரவில் தூக்கம் போயிற்று. இதை எழுதி வைக்கக்கூடியவர் பக்கத்தில் இருக்கும் தாயோ கணவரோதான். அவர்களிடம் அப்படி எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு சாப்பிடுவது தெரியாமலே சாப்பிடுபவர்களும் நம்மிடையே உண்டு. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் என்று பெயரும் உள்ளடக்கமும் இல்லாமல் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. "நான் இங்கிலீஷ் மருந்தே தொடுறதில்ல டாக்டர்" என்று சொல்லும் பெரியவரிடம் அந்தப் பொடியைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது காசநோய். இந்தக் கதையில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலிருந்தபடியே ஐசோனியசிட், பாஸ் மாத்திரைகளால் குணமாக்க முடியும் என்று 193 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் நிரூபித்தது. 1959இல் முடிவு வெளிவந்தபோது உலகமே காசநோய்க்கு வைத்தியம் செய்யும் முறை மாறியது. அந்த ஐசோனியசிட் உடலில் விட்டமின் பி6இன் வேலையைக் கெடுக்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளை மூளை தயாரிக்க அந்த விட்டமின் வேண்டும். அது குறைந்தால் கை கால் எரிச்சல், அபூர்வமாக வலிப்பு, அதைவிட அபூர்வமாக மனப்பிறழ்வு வரும். ஐசோனியசிட்டோடு எவ்வளவு பி6 தந்தால் இந்த நச்சு விளைவுகளைத் தடுக்கலாம் என்று 1960களில் இதே சென்னை மையம் சோதித்தது. இன்றும் காசநோய் மாத்திரையோடு ஒரு சின்ன விட்டமின் மாத்திரை தருவதன் பின்னணி அது. சத்து மாத்திரைதானே என்று அதை விட்டுவிடுபவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

ஐசோனியசிட்டின் நெருங்கிய உறவு இப்ரோனியசிட். 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இதைக் கொடுத்தபோது, சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் ஆடிப் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பக்கவிளைவைப் பின்தொடர்ந்துதான் மனச்சோர்வுக்கான முதல் மருந்து வகை ஒன்று பிறந்தது. மனதைக் கெடுக்கும் அதே கதவு வழியாக மனதுக்கு மருந்தும் வந்தது என்பதை இத்துறையின் வரலாற்றில் ஒரு பேறாகவே கருதுகிறேன்.

ஆனால் காசநோய் வார்டில் உண்மையான அச்சம் சைக்ளோசெரின். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு நீண்ட காலம் பயன்பட்ட மருந்து இது. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இதை எடுத்தவர்களில் சுமார் 5.7 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வந்திருந்தது. சோர்வு, பயம், பிறழ்வு, தற்கொலை எண்ணம் எல்லாம் அதில் அடங்கும். நோயாளியின் இடத்தில் நின்று பாருங்கள். வேலை போய்விட்டது, வீட்டில் தட்டும் டம்ளரும் தனி, ஒன்றரை இரண்டு ஆண்டு மருந்து. இப்படிப்பட்டவர் அழுதால், "இவ்வளவு கஷ்டத்துல யாருக்குத்தான் அழுகை வராது" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லில் கருணை இருக்கிறது. அதே சொல் மருந்தின் வேலையை மறைத்தும் விடுகிறது. இப்போது பெடாகுயிலின், ப்ரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024இல் இந்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. அதில் சைக்ளோசெரின் இல்லை. பெரிய விடுதலை அது. எனினும் லினசோலிட், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம் என்பதால், ஏற்கெனவே மனநல மருத்துவரைப் பார்ப்பவர்கள் அதைக் காசநோய் மையத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சி வகை மஞ்சள்காமாலை வைரஸுக்கும் சில புற்றுநோய்களுக்கும் தந்த இன்டர்ஃபெரான் ஊசி வேறொரு பாடம் சொன்னது. வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் ஒரு பொருளின் செயற்கை வடிவம் அது. அதைப் போட்டவர்களில் பலர் கடும் சோர்வில் வீழ்ந்தார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் பெற்றவர்களில் வெற்று மாத்திரை எடுத்தோரில் 45 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. முன்கூட்டியே பாராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தோரில் 11 விழுக்காட்டினருக்கே வந்தது. வரும் என்று தெரிந்தால் தடுக்கவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உடலில் எழும் அழற்சி மனச்சோர்வை உண்டாக்கும் என்ற இன்றைய கருத்துக்கும் இந்த நோயாளிகள் வலுச்சேர்த்தார்கள். 2013க்குப் பிறகு சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்து, சி வகைக் காமாலையில் இன்டர்ஃபெரானை ஏறக்குறைய ஓய்வுபெற வைத்துவிட்டன. எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் கதையும் அப்படித்தான். பயங்கரக் கனவுகளையும் தலைச்சுற்றலையும் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தையும் தந்த அந்த மருந்தின் இடத்தை டோலுடெக்ராவிர் பிடித்துக்கொண்டது.

பார்க்கின்சன் நோயில் வரும் விளைவு வேறு மாதிரியானது. வெட்கத்தால் மூடி மறைக்கப்படுவதும் இதுதான். ப்ரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமின் செய்யும் வேலையைச் செய்கின்றன. நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும் அதே டோபமின்தான் ஆசைக்கும் பரிசுக்குமான பாதையிலும் ஓடுகிறது. வாழ்நாளெல்லாம் சீட்டுக்கட்டைத் தொடாதவர் சூதாடத் தொடங்குகிறார். சிக்கனத்துக்குப் பேர்போனவர் வாங்கிக் குவிக்கிறார். சிலருக்குக் காம இச்சை கட்டுக்கடங்காமல் போகிறது. 2010இல் வெளியான ஆய்வில் 3,090 நோயாளிகளை விசாரித்தபோது, இவ்வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 விழுக்காட்டினரிடமும் எடுக்காதவர்களில் 6.9 விழுக்காட்டினரிடமும் இப்படிப்பட்ட கட்டுக்கடங்காத பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது. அறுபத்தைந்து வயதுத் தந்தை ஆன்லைன் ரம்மியில் ஓய்வூதியத்தை இழந்தால் நம் வீடுகளில் என்ன பேசுவார்கள்? "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு" என்பார்கள். மாத்திரையைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கிவிடக்கூடிய ஒன்றுக்காக ஒரு மனிதர் தன் பிள்ளைகள் முன் தலைகுனிந்து வாழ்கிறார். இதை மருத்துவரே வாய்விட்டுக் கேட்க வேண்டும், துணைவியிடமும் கேட்க வேண்டும். நோயாளி தானாகச் சொல்லமாட்டார்.

முதியவர்களிடம் வரும் திடீர்க் குழப்பத்துக்கு நம் பாட்டிமார் அறிந்த ஒரு செடியின் உதவியோடு விளக்கம் சொல்லலாம். ஊமத்தங்காயைத் தின்றவன் பிதற்றுவான், இல்லாததைக் கண்டு காற்றைப் பிடிப்பான் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருளை அந்தக் காய் தடுக்கிறது. அதே தடுப்பை இன்னும் மென்மையாகச் செய்பவை ஜலதோஷ மாத்திரையில் உள்ள குளோர்ஃபெனிரமின், வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிபியூட்டினின் முதலியவை. இளைஞனுக்கு இவை வெறும் வாய்வறட்சி. எண்பது வயதில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் மாலை மயங்கியதும் ஜன்னி கண்டவரைப் போலப் பேச்சு தடுமாறும், இறந்துபோன தம்பி வாசலில் நிற்பார். மறதி நோய் என்று முத்திரை குத்துவதற்கு முன் மாத்திரை டப்பாவைத் தரையில் கொட்டி எண்ணிப் பார்ப்பது நல்லது.

வாந்திக்குப் போடும் மெட்டோக்ளோப்ரமைடு ஊசியால் சிலருக்கு ஒரு நிமிடம்கூட உட்கார முடியாத உள்தவிப்பு வரும். பதற்றம் என்று எண்ணி அதட்டி உட்கார வைக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கு மாதக்கணக்கில் தரும் ஃப்ளூனரிசின் சிலருக்குச் சோர்வையும் உடல் விறைப்பையும் தரும். மலேரியாத் தடுப்புக்கான மெஃப்ளோகுயினுக்கு 2013இல் அமெரிக்க மருந்து ஆணையம் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. உடல் எடையைக் குறைக்க வந்த ரிமோனபன்ட் மனச்சோர்வாலும் தற்கொலை அச்சத்தாலும் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவும் தடை செய்தது.

குழந்தைகளுக்குத் தரும் இரண்டு மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலிப்புக்கான லெவடிராசிட்டம் நல்ல மருந்து, பலரின் வலிப்பை அடக்குகிறது. சில பிள்ளைகளுக்கு அது முன்பு இல்லாத எரிச்சலையும் கோபத்தையும் தருகிறது. பையன் பொருட்களை எறிகிறான், தங்கையை அடிக்கிறான், பள்ளியில் புகார் வருகிறது, வீட்டில் அடி விழுகிறது. மருந்து செய்யும் வேலைக்குப் பிள்ளை அடி வாங்குவதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இன்னொன்று, ஆஸ்துமாவுக்கும் தும்மல் ஒவ்வாமைக்கும் தரும் மாண்டெலுகாஸ்ட். நம் ஊரில் மூக்கொழுகலுக்கே லெவோசெட்ரிசினோடு சேர்த்துத் தாராளமாகத் தரப்படுவது. கெட்ட கனவு, கிளர்ச்சி, தற்கொலை எண்ணம் ஆகியவை பற்றிய புகார்களின் பேரில் 2020 மார்ச்சில் அமெரிக்க ஆணையம் இதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. அதே ஆணையத்தின் பெரிய தரவு ஆய்வில் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. இருந்தும் எச்சரித்ததற்குக் காரணம், வெறும் மூக்கொழுகலுக்கு இந்தச் சிறு ஆபத்தைக்கூட ஏற்கத் தேவையில்லை, வேறு மருந்துகள் இருக்கின்றன என்பதே. அந்த முடிவு சரி என்று நான் நினைக்கிறேன். ஆஸ்துமா கடுமையாக உள்ள பிள்ளைக்குக் கணக்கு வேறு.

பழி தவறிப் போன கதைகளும் இருக்கின்றன. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் அவற்றில் முதன்மையானது. 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதழில் எழுதி உலகுக்கு அறிவித்தார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில், இதைச் சாப்பிட்டவர்கள் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்ற அறிக்கைகள் குவிந்தன. மூளையில் சில வேதிப்பொருட்கள் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்ற புகழ்பெற்ற கொள்கைக்கு ரெசர்பின் ஒரு தூணாயிற்று. ஆனால் 1955இலேயே லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்பின் கொடுத்துப் பார்த்து, அது நன்மையே செய்ததாக எழுதியிருந்தார்கள். அந்த ஆய்வைப் பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு கருத்து பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் எதிர்ச்சான்றுக்கு இருக்கை கிடைப்பது கடினம்.

ப்ராப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களும் 1960களிலிருந்து மனச்சோர்வுப் பட்டியலில் இருந்தன. 2002இல் 35,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் இடம்பெற்ற 15 ஆய்வுகளைத் தொகுத்தபோது, களைப்பு சற்றுக் கூடியது, மனச்சோர்வு கூடியதாக நிறுவ முடியவில்லை. மாரடைப்புக்குப் பிறகு இந்த மாத்திரையைப் பயத்தால் நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ! ஜப்பானில் ஃப்ளூ காய்ச்சலுக்கு ஓசெல்டமிவிர் எடுத்த பதின்வயதினர் சிலர் மாடியிலிருந்து குதித்ததால் 2007இல் 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அதைத் தர வேண்டாம் என்றார்கள். மருந்து எடுக்காத பிள்ளைகளும் அந்தக் காய்ச்சலில் அப்படியே நடந்துகொள்வது தெரிந்ததும் 2018இல் கட்டுப்பாடு நீங்கியது.

காரணத்தை நிறுவ மருத்துவர்கள் எளிய சில கேள்விகளை நம்புகிறார்கள். மருந்துக்குப் பின்தான் மாற்றம் வந்ததா? நிறுத்தியபின் தணிந்ததா? வேறு காரணம் உண்டா? 1981இல் நரஞ்சோவும் உடனிருந்தோரும் இவற்றை மதிப்பெண் பட்டியலாக்கினார்கள். ஒரே ஆளிடம் இவை கைகொடுக்கும். கூட்டமாகப் பார்க்கும்போது சிக்கல் கூடும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, அந்நாட்டின் வயதுவந்தோரில் 37.2 விழுக்காட்டினர் மனச்சோர்வைப் பக்கவிளைவாகக் கொண்ட மருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மூன்றோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் 15 விழுக்காட்டினரும், ஒன்றும் எடுக்காதவர்களில் 4.7 விழுக்காட்டினரும் சோர்வுற்றிருந்தார்கள். மூன்று மருந்து எடுப்பவர் நோய்களால் நொந்தவராகவும் இருப்பார் என்பதால் முழுப் பழியும் மருந்தைச் சேராது. கேள்வி கேட்க அந்த எண் போதுமான காரணம்.

மருத்துவர்கள் சிலர் எச்சரிக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு: சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே விட்டுவிடுவார், அல்லது இல்லாததைக் கற்பனை செய்துகொள்வார். தயக்கம் புரிகிறது, ஏற்க முடியவில்லை. சொல்லப்படாத நோயாளியும் மருந்தை விடுகிறார், யாரிடமும் சொல்லாமல் விடுகிறார். "தூக்கம் குறையலாம், மனசு ஒரு மாதிரி ஆகலாம், அப்படி ஆனா உடனே போன் பண்ணுங்க, நீங்களா நிறுத்தாதீங்க" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? இன்னொரு அநீதி எதிர்த்திசையில் நடக்கிறது. ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் என்பதாலேயே சிலருக்குத் தேவையான உடல்நோய் மருந்து மறுக்கப்படுகிறது. அவருக்குத் தேவை மறுப்பு அல்ல, கூடுதல் கவனிப்பு.

இன்னும் ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. நம் மருந்துக் கடைகளில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நாலை மட்டும் கத்தரித்துத் தருகிறார்கள். உள்ளே வைக்கும் தகவல் தாள் நோயாளியின் கைக்கு வருவதே இல்லை. வந்தாலும் அது தமிழில் இல்லை. பக்கவிளைவைப் பதிவு செய்ய 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அதில் மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் குடும்பத்தாரும் நேரடியாகப் புகார் தரலாம். கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, மாற்றம் தெரிந்த தேதி, உடன் எடுத்த மற்ற மருந்துகள் ஆகியவை இருந்தால் போதும். வாந்தியும் தோல் தடிப்பும் வந்தால் சொல்பவர்கள், அழுகையும் சந்தேகமும் வந்தால் சொல்லாமல் விடுகிறார்கள். அவற்றையும் அந்த எண்ணில் சொல்லலாம்.